இருபுறமும் புயல்: ‘ஹால்சியன்’ என்னும் பெயரடையும் அதை ஆண்ட கவிஞர்களும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கியத்தை நெருங்கிப் படிக்கும் பழக்கத்தை இளையவர்களிடம் வளர்க்க வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் நோக்கம். அதற்குப் பொருத்தமாக ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ‘ஹால்சியன்’ என்பது அந்தச் சொல். அன்றாட ஆங்கிலப் பேச்சில் வராது. செய்தித்தாளில் எப்போதாவது தலைகாட்டும். அப்போதும் பெரும்பாலும் ‘டேஸ்’ என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டு, ‘அந்தக் காலத்து இனிய நாட்கள்’ என்ற பொருளில்தான் வரும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ‘ஹால்சியன் என்றால் அமைதியான, மகிழ்ச்சியான’ என்று மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். அகராதிப்படி அது சரி. ஆனால் அந்தப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு ஷேக்ஸ்பியரையோ எலியட்டையோ படித்தால், அவர்கள் இந்தச் சொல்லில் வைத்துவிட்டுப் போனதில் பாதி நம் கைக்கு வராது.

நான் சொல்ல வந்தது இதுதான்: ஹால்சியன் என்பது வெறும் அமைதி ஆகாது. இருபுறமும் புயல் நிற்க, நடுவில் கிடைக்கும் அமைதி அது. அதற்கு நாள்கணக்கு உண்டு. அதை யாரோ காவல் காத்துத் தருகிறார்கள். அதன் அடியில் ஒரு துயரமும் உண்டு. நல்ல எழுத்தாளன் இந்தச் சொல்லைத் தொடும்போதெல்லாம் புயலையும் கூடவே அழைத்து வருகிறான்.

காற்றின் மகள்

இந்தச் சொல் முதலில் ஒரு பறவையின் பெயர். கிரேக்கர்கள் மீன்கொத்தியை ‘அல்குவோன்’ என்றார்கள். பிற்காலத்தார் அதற்குள் கடலைக் குறிக்கும் ‘ஹல்ஸ்’ என்ற சொல்லும், கருக்கொள்வதைக் குறிக்கும் ‘குவோ’ என்ற சொல்லும் இருப்பதாக எண்ணி முன்னால் ஒரு ‘ஹ’ சேர்த்தார்கள். சொல்லாராய்ச்சியாக அது பிழை. இருந்தாலும் கடலில் குஞ்சு பொரிக்கும் பறவை என்ற நம்பிக்கை எவ்வளவு ஊன்றியிருந்தது என்பதற்கு அந்த ஓர் எழுத்தே சான்றாக நிற்கிறது.

நம்பிக்கை இதுதான். குளிர்காலத்தின் நடுவில், ஆண்டிலேயே பகல் குறுகிய நாளை ஒட்டி, முன்னால் ஏழு நாளும் பின்னால் ஏழு நாளும் கடல் அடங்கிக் கிடக்கும். முதல் ஏழில் அந்தப் பறவை கடல்மேல் கூடு கட்டும். அடுத்த ஏழில் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும். அரிஸ்டாட்டில் தம் விலங்கியல் நூலில் இதைப் பதிவு செய்கிறார். சைமொனிடீஸ் என்ற பழங்கவிஞரையும் துணைக்கு அழைக்கிறார். நம் பகுதியில் இந்த அமைதி எல்லா ஆண்டும் வாய்ப்பதில்லை, சிசிலிக் கடலில் பெரும்பாலும் வாய்க்கிறது என்று ஒரு குறிப்பும் தருகிறார். கிரேக்க நாட்டில் நடுக்குளிர்காலத்தில், குறிப்பாக ஜனவரியில், வானம் தெளிந்து காற்று நின்றுபோகும் நாட்களை இன்றும் அந்தப் பறவையின் பெயராலேயே அழைக்கிறார்கள்.

இந்த நம்பிக்கைக்கு உயிர் கொடுத்தவர் ரோமானியக் கவிஞர் ஓவிட். கி.பி. 8ஆம் ஆண்டையொட்டி நிறைவுற்ற ‘மெட்டமார்ஃபசஸ்’ காவியத்தின் 11ஆம் காண்டத்தில் சீயிக்ஸ், அல்சியோனி என்ற கணவன் மனைவி கதை வருகிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். சொல்லின் வேர் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

சீயிக்ஸ் ஓர் அரசன். குறி கேட்கக் கடல் கடந்து போக வேண்டும் என்கிறான். அல்சியோனி தடுக்கிறாள். கடலைப் பற்றி ஒன்றும் தெரியாத பெண்ணின் அச்சமா அது? அவள் காற்றுகளின் காவலனான ஏயோலஸின் மகள். சிறுமியாக இருந்தபோது தந்தையின் வீட்டில் காற்றுகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். பார்த்ததனால்தான் அஞ்சுகிறாள். கரையில் ஒதுங்கிய உடைந்த பலகைகளைக் கண்டிருக்கிறாள். உடல் கிடைக்காதவர்களுக்கு எழுப்பிய வெறுங்கல்லறைகளில் பெயர்களைப் படித்திருக்கிறாள். காற்றரசனின் மருமகன் என்ற தெம்பில் போய்விடாதீர்கள், ஒருமுறை அவிழ்த்துவிட்டால் அவற்றை அடக்க யாராலும் ஆகாது என்று கணவனிடம் கெஞ்சுகிறாள். இரண்டு மாதத்துக்குள் திரும்புவதாக வாக்களித்துவிட்டு அவன் போகிறான்.

நடுக்கடலில் புயல். கப்பல் உடைகிறது. ஒரு பலகையைப் பற்றிக்கொண்டு மிதக்கும் சீயிக்ஸ், வாயில் நீர் புகும் வரை அவள் பெயரையே சொல்லிக்கொண்டு மூழ்குகிறான். இது தெரியாமல் அல்சியோனி நாள் தவறாமல் ஜூனோவின் கோயிலில் அவனுக்காக வேண்டிக்கொள்கிறாள். இறந்துபோனவனுக்கு நலம் வேண்டும் அந்தக் கைகளைத் தெய்வத்தாலேயே தாங்க முடியவில்லை. உறக்கத்தின் தேவனிடம் தூது போகிறது. அவன் மகன் மார்ஃபியஸ், சீயிக்ஸின் உருவில், தாடியிலிருந்து நீர் சொட்ட, அவள் கனவில் வந்து நிற்கிறான். விடியலில் அவள் கரைக்கு ஓடுகிறாள். தூரத்தில் ஓர் உடல் மிதந்து வருகிறது. யாரோ எவரோ என்று முதலில் இரங்குகிறாள். நெருங்க நெருங்க அடையாளம் தெரிகிறது. அலையைத் தடுக்கக் கட்டியிருந்த கல்லணைமீது ஏறிக் குதிக்கிறாள். குதித்தவள் விழவில்லை, பறக்கிறாள். அலகால் கணவனின் குளிர்ந்த வாயை முத்தமிடுகிறாள். அவனும் பறவையாகிறான்.

கடைசியில் ஓவிட் சொல்வது முக்கியம். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஏழு நாள் அவள் கடல்மேல் அடைகாக்கிறாள். அந்த நாட்களில் ஏயோலஸ் காற்றுகளை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறான், தன் பேரப்பிள்ளைகளுக்காக. மருமகனைக் கொன்ற அதே காற்றுகள்தான் அவை. நெய்தல் திணையின் இரங்கலை அறிந்த தமிழ் வாசகனுக்கு இந்தக் கதையின் கரையும் காத்திருப்பும் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் இரங்கலோடு நிற்காமல், அதிலிருந்து ஓர் அமைதிக்காலம் பிறக்கிறது என்று சொல்லிச் செல்வது இந்தக் கதையின் தனித்தன்மை.

ஆங்கிலத்தில் இதை முதலில் பெரிதாகக் கையாண்டவர் சாசர். ‘புக் ஆஃப் தி டச்சஸ்’ என்ற நெடுங்கவிதை, 1368இல் இறந்த பிளாஞ்ச் சீமாட்டியை நினைத்து எழுந்தது. அதில் அல்சியோனியின் கனவு வரை சொல்கிறார். பிறகு அவள் மூன்று நாளில் இறந்துபோனாள் என்று முடித்துவிடுகிறார். பறவையும் இல்லை, அமைதியான கடலும் இல்லை. மனைவியை இழந்தவனுக்கு முன்னால் நின்று ஆறுதலான முடிவைச் சொல்ல அந்தக் கவிஞருக்கு மனம் வரவில்லை என்றே நான் படிக்கிறேன். கதையின் எந்தப் பாதியை எடுப்பது, எதை விடுப்பது என்று ஒவ்வொரு கவிஞரும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. சொல்லுக்கும் அப்படித்தான்.

உண்மையான பறவை

உண்மையில் எந்த மீன்கொத்தியும் அலைமேல் கூடு கட்டுவதில்லை. ஆற்றங்கரையிலும் கண்மாய்க்கரையிலும் செங்குத்தான மண்ணில் அலகால் துளை போட்டு, அதன் கோடியில் முட்டையிடும். துளைக்குள் மீன்முள் சிதறிக் கிடக்கும், நாற்றமும் அடிக்கும். நம் ஊர் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்தியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நீலச் சிறகு, காப்பிக்கொட்டை நிறத் தலை, சிவந்த கனத்த அலகு. தண்ணீருக்குத் தொலைவிலும் வெட்டுக்கிளி, ஓணான், தவளை என்று பிடித்துத் தின்று வாழும். அதன் அறிவியல் பெயர் ‘ஹால்சியன் ஸ்மிர்னென்சிஸ்’. ஸ்மிர்னா என்பது இன்றைய துருக்கியின் இஸ்மீர் நகரம். ஆக, அல்சியோனியின் பெயரைத் தாங்கிய பறவை நம் வயல்வெளியில்தான் இருக்கிறது. சீயிக்ஸின் பெயரும் விட்டுப்போகவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வாழும் சின்னஞ்சிறு மீன்கொத்தியின் பேரினத்துக்கு அந்தப் பெயரைத்தான் இட்டிருக்கிறார்கள்.

நம் பழம்புலவர்கள் இப்பறவையைச் ‘சிரல்’ என்றார்கள். சிறுபாணாற்றுப்படையில் கயல்மீனைக் கவ்விய சிரலின் நகம் பட்டுத் தாமரை இலையில் தழும்பு விழுந்திருப்பதை நத்தத்தனார் காட்டுகிறார். அவர் கண்டது பறவையை. கிரேக்கர் கண்டது பறவையின் வழியாகக் கடலை. இரண்டும் இருவேறு செல்வங்கள். ஒன்றை வைத்து மற்றதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

ஐரோப்பாவிலும் பறவையை நேராகப் பார்த்துச் சோதித்தவர் உண்டு. செத்த மீன்கொத்தியின் உடலை நூலில் கட்டித் தொங்கவிட்டால் காற்று வரும் திசைக்கு அது திரும்பும் என்று இங்கிலாந்தில் நம்பினார்கள். தாமஸ் பிரவுன் என்ற மருத்துவர் 1646இல் வெளியிட்ட ‘சூடோடாக்சியா எபிடெமிகா’ நூலில் இதை எடுத்து ஆராய்கிறார். முறுக்கில்லாத பட்டு நூலில் பறவையைக் காற்றோட்டமான அறையில் தொங்கவிட்டுப் பார்த்தார். காற்றுக்கு அது பணியவில்லை. ஒரே அறையில் இரண்டைத் தொங்கவிட்டார். இரண்டும் ஒரே திசையைக் காட்டவில்லை. முறுக்கில்லாத நூல் என்ற அந்தக் கவனத்தைப் பாருங்கள். நூலின் முறுக்கே பறவையைத் திருப்பிவிடலாம் என்பதை அவர் முன்கூட்டி நினைத்திருக்கிறார். நம்பிக்கை பொய்த்தது. சொல் மட்டும் பிழைத்துக்கொண்டது.

மேடையும் அரசவையும்

அந்தத் தொங்கும் பறவை நாடகத்திலும் வருகிறது. மார்லோவின் ‘தி ஜ்யூ ஆஃப் மால்டா’ நாடகத்தின் தொடக்கக் காட்சியில், கப்பல்களில் பொருள் அனுப்பியிருக்கும் வணிகன் பராபஸ், தன் மீன்கொத்தியின் அலகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டுக் காற்றை அறியப் பார்க்கிறான். ‘கிங் லியர்’ நாடகத்தில் கென்ட் பிரபு, எசமானின் மனக்காற்று எந்தப் பக்கம் வீசினாலும் அந்தப் பக்கமே அலகைத் திருப்பும் அடிவருடிகளைச் சாட இந்தப் பெயரைப் பயன்படுத்துகிறார். இங்கே ஹால்சியன் என்பது அமைதியைக் குறிக்கவே இல்லை. முதுகெலும்பு இல்லாமையைக் குறிக்கிறது. அகராதியின் முதல் பொருளோடு இந்த இடத்துக்குப் போகிறவர் தடுமாறித்தான் போவார்.

அதே ஷேக்ஸ்பியர், ‘ஆறாம் ஹென்றி’யின் முதல் பாகத்தில், ஜோன் ஆஃப் ஆர்க்கின் வாயில் இதை வேறு விதமாக வைக்கிறார். நான் போரில் இறங்கிவிட்டேன், இனி ஹால்சியன் நாட்கள்தான் என்று பிரெஞ்சு இளவரசனுக்கு அவள் வாக்களிக்கிறாள். பக்கத்திலேயே நவம்பரில் சில நாள் திரும்பி வரும் வெயிலையும் குறிப்பிடுகிறாள். கவனியுங்கள், இரண்டும் குளிர்காலத்துக்குள் சிக்கிய சில நாட்கள். நிலையான கோடை எதையும் அவள் சொல்லவில்லை. அந்த நாடகத்தின் முடிவில் அவளே தீக்கு இரையாகிறாள். வாக்குறுதிக்குள்ளேயே அதன் எல்லையை ஷேக்ஸ்பியர் எழுதி வைத்துவிட்டார்.

17ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் அரசியலுக்குள் நுழைந்தது. 1632 நவம்பரில், முப்பதாண்டுப் போரின் நடுவே, லுட்சன் போர்க்களத்தில் ஸ்வீடன் அரசர் குஸ்டாவஸ் அடால்ஃபஸ் கொல்லப்பட்டார். அவருக்கு இரங்கற்பா எழுதும்படி தாமஸ் கேரூ என்ற அரசவைக் கவிஞரை அவர் நண்பர் ஆரேலியன் டவுன்செண்ட் தூண்டினார். கேரூ மறுத்துக் கவிதையிலேயே பதில் எழுதினார். ஜெர்மன் மண்ணில் முழங்கும் முரசு நம்மைத் தொட வேண்டியதில்லை, கேளிக்கைகளும் கூத்துகளும்தான் நம்முடைய ஹால்சியன் நாட்களுக்குப் பொருந்தும் என்பது அதன் சாரம்.

அந்த அமைதி எங்கிருந்து வந்தது? முதலாம் சார்லஸ் 1629இல் பிரான்சோடும் 1630இல் ஸ்பெயினோடும் உடன்பாடு செய்துகொண்டார். 1629 முதல் 1640 வரை நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார். எதிர்க்குரல் எழும்ப ஓர் இடம் இல்லாததால் ஊர் அமைதியாகத் தெரிந்தது. காற்று நின்றுபோகவில்லை, அடைத்து வைக்கப்பட்டிருந்தது. 1642இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. 1649 ஜனவரி 30 அன்று மன்னரின் தலை துண்டிக்கப்பட்டது. கேரூ 1640லேயே காலமாகிவிட்டார். ஹால்சியன் என்ற சொல்லுக்குள் இருக்கும் நாள்கணக்கை அவர் நினைத்தாரோ இல்லையோ, சொல் அதை மறக்கவில்லை. சொல்லின் வரலாற்றைத் தெரிந்துகொண்டு அந்தக் கவிதையைப் படிக்கும் நமக்கு, அதன் களிப்பு முழுவதிலும் 1642 கேட்கிறது.

டிரைடனிடம் இதைவிடக் கூர்மையாக நடந்தது. மன்னரை வீழ்த்திய ஆலிவர் கிராம்வெல் 1658 செப்டம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டு டிரைடன் வெளியிட்ட இரங்கற்பாவில், ஹால்சியன் கடலில் குஞ்சு பொரிக்கும்போது காற்றுகள் ஒதுங்கி நிற்பதுபோல அவருடைய துயிலைப் போர்கள் மதித்து விலகி நிற்கின்றன என்ற பொருளில் பாடினார். 1660இல் முடியாட்சி திரும்பியது. டிரைடனும் புதிய மன்னரை வரவேற்றுப் பாடினார். 1661 ஜனவரி 30 அன்று, பழைய மன்னரைக் கொன்ற அதே தேதியில், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலிருந்து தோண்டியெடுத்த கிராம்வெல்லின் உடலை டைபர்ன் தூக்குமரத்தில் தொங்கவிட்டார்கள். டிரைடனைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. அவர் தேர்ந்த உவமை தன்னுள் உள்ளதைத்தான் வெளிப்படுத்தியது. ஹால்சியன் அமைதி என்று ஒருவர் சொன்னால், காற்றுகள் எங்கோ காத்திருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்.

அளவறிந்து ஆண்டவர்கள்

தெரிந்தே அதை அளவோடு ஆண்ட மூவரைக் காட்ட விரும்புகிறேன். முதலில் மில்டன். 1629இல் கிறிஸ்து பிறப்பைப் பாடிய பாட்டில் அந்தச் சொல்லையே அவர் எடுக்கவில்லை. அலைமேல் அடைகாக்கும் அமைதிப் பறவைகள் என்று மட்டும் குறிப்பிடுகிறார். கிறிஸ்துமஸும் பகல் குறுகிய நாளும் அடுத்தடுத்து வருவதால் பழைய கதை தானாக வந்து பொருந்துகிறது. ஆனால் அதே பாட்டில், இந்தக் குழந்தை இனிமேல்தான் சிலுவையில் நம் இழப்பை மீட்க வேண்டும் என்பதையும் நினைவூட்டுகிறார். அமைதிக்கு விலை உண்டு என்பதை மறக்காத கை அது.

அடுத்தவர் விட்மன். 1888இல், 68 வயதில், இந்தத் தலைப்பிலேயே ஒரு சிறு கவிதை எழுதினார். காதலின் வெற்றியோ செல்வமோ போரில் பெற்ற புகழோ தருவதை அவர் இந்தப் பெயரால் அழைக்கவில்லை. வேட்கைகள் அடங்கிய முதுமைக்கு அந்தப் பெயரைத் தருகிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களின் படுக்கையருகே ஆண்டுக்கணக்கில் இருந்து பணிவிடை செய்தவர், 1873இல் பக்கவாதத்தால் தாக்கப்பட்டவர். இளமைக்கு எல்லோரும் ஒட்டிவிடும் பெயரடையை எடுத்து, ஒரு பக்கம் புயல்களும் மறுபக்கம் மரணமும் நிற்கும் வயதுக்கு வைத்தார். சொல் தன் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்றாமவர் எலியட். 1941இல், இங்கிலாந்தின்மேல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலத்தில், ‘தி டிரை சால்வேஜஸ்’ வெளிவந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஆன் முனைக்கு அப்பால் கடலில் கிடக்கும் பாறைகளின் பெயர் அது. அவர் இளமையில் படகோட்டித் திரிந்த கரை. அந்தப் பாறையைப் பற்றி அவர் சொல்வதன் சாரம் இது: ஹால்சியன் நாளில் அது வெறும் நினைவுச்சின்னம், படகு ஓட்டத்தக்க நாட்களில் திசை காட்டும் அடையாளம், சீற்றம் வரும்போது, அது எப்போதும் எதுவாக இருந்ததோ அதுவேதான். இத்தனை சிக்கனமாக இந்தப் பெயரடையை ஆண்ட இடம் வேறு எதையும் நான் படித்ததில்லை. அமைதியான நாளில் பாறை மறைவதில்லை, மாறுவதும் இல்லை. அதன்மீது நமக்குள்ள அச்சம்தான் மறைகிறது.

தமிழுக்கு எப்படிக் கொண்டுவருவது

மொழிபெயர்ப்பில் ஈடுபடும் மாணவர்கள் இதைக் கேட்பீர்கள். ‘பொற்காலம்’ என்று போடலாமா? கூடாது. பொற்காலத்துக்கு ஒளி உண்டு, சூழ்ந்து நிற்கும் இருள் இல்லை. ‘அமைதியான’ என்பதில் எல்லை இல்லை. தென்மாவட்டங்களில் அடைமழை விட்டு வானம் தெளிந்தால் ‘மழை வெறிச்சிருக்கு’ என்பார்கள். அந்த ஒரு சொல்லில் இதுவரை பெய்த மழையும் இருக்கிறது, மறுபடி பிடித்துக்கொள்ளலாம் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் நெல்லைக் காயப்போடுவார்கள், உடைந்த ஓட்டை மாற்றுவார்கள். ஹால்சியனுக்கு மிக அருகில் வரும் தமிழ்மனம் அங்கே இருக்கிறது. எல்லா இடத்திலும் அதையே பெயர்த்து வைக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். லியரில் ‘காற்றாடி’ போதும். கேரூவுக்கு ‘புயல் தொடாத நாட்கள்’ எனலாம். இடமறிந்து எழுத, முதலில் அந்த இடத்தில் காற்று எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

மாணவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. அரிய சொல் ஒன்றைச் சந்தித்தால் பொருளைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். யார் அதை எடுத்தார்கள், எந்த ஆண்டில், யாருக்கு முன்னால் நின்று, அடுத்து என்ன நடந்தது என்று தேடுங்கள். ஒரு பெயரடையைப் பின்தொடர்ந்து போனதில் ஒரு கைம்பெண்ணின் துயரமும், ஒரு மருத்துவரின் சோதனையும், ஒரு மன்னரின் வீழ்ச்சியும், போர்க்காலக் கவிஞர் ஒருவரின் தெளிவும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. மனப்பாடப் பட்டியல் இவற்றில் ஒன்றையும் தராது.

வாழ்க்கையிலும் பொதுவெளியிலும் ‘இப்போது எல்லாம் அமைதியாக இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், இந்தச் சொல் நமக்குக் கற்றுத்தரும் கேள்விகளைக் கேளுங்கள். இந்த அமைதி எத்தனை நாளைக்கு? காற்றைப் பிடித்து வைத்திருப்பது யார்? பேரப்பிள்ளைகளின் நலனுக்காகவா, தங்கள் கேளிக்கை கலையாமல் இருப்பதற்காகவா? இந்த அமைதிக்கு முன்பு கரையில் நின்று அழுதவர் யார்? இந்தக் கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்லி, அதன் பிறகும் ஒரு காலத்தை ஹால்சியன் என்று அழைக்க முடிந்தால் தயங்காமல் அழைப்போம். அது உண்மையிலேயே கொடுத்துவைத்த காலம். குஞ்சுகளை வளர்த்து ஆளாக்க அந்தப் பறவைக்குக் கிடைத்த அவகாசம்போல, நாமும் செய்ய வேண்டியதை அதற்குள் செய்து முடிக்க வேண்டும்.